நான் ஒண்ணும் கேக்கல

அண்ணாச்சி, அந்த செல்லுல சத்தத்தை மட்டும் கொஞ்சம் கொறைச்சுக்கிடுங்க. பாக்காதீங்கன்னு சொல்லல. நீங்க பாட்டுக்குப் பாருங்க. அதுல அந்தப் பையன் சொல்லுதான்லா, கடத்திட்டுப் போன பொம்பள தன்னால வீடு திரும்பின மர்மம்னு... அது எம் வீட்டுக்காரிதான்.

ஐயோ, அணைக்க வேண்டாம். நீங்க எதுக்கு சங்கடப்படுதீங்க? எனக்குப் பழகிப்போச்சு. டீக்கடையில ஓடும், பஸ்ஸுல ஓடும், போன வாரம் முடிவெட்டப் போனா அங்கயும் ஓடுது. கண்ணாடியில நான் என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன், பின்னால அந்தப் பையன் கத்துதான். வெட்டுறவன் கை அப்படியே நின்னுபோச்சு. நீ வெட்டுப்பான்னேன்.

பேரு கோமதிநாயகம். புளியங்குடியில எலுமிச்சங்கா கமிஷன் கடையில எடை போடுதேன். அவ பேரு செண்பகவல்லி. வல்லின்னுதான் கூப்பிடுவேன். ஜவுளிக்கடையில பில் போட்டுக்கிட்டிருந்தா. இன்னைக்கு ஜில்லா கோர்ட்டுல அவளுக்குச் சாட்சி. அதுக்குத்தான் போயிட்டு வாறேன். அவ இந்த பஸ்ஸுல இல்ல, தேடாதீங்க. அவ வேற ஆளுகளோட காருல போயிட்டா.

நீங்க எங்க இறங்கணும்? கடையநல்லூரா? அப்ப நேரம் இருக்கு.

நடந்தது கார்த்திகையில. அன்னைக்கு மழை தூறிக்கிட்டே கெடந்துச்சு. கடை விட்டு பஸ் ஏறி, மெயின் ரோட்டுலேருந்து எங்க ஊரு பிரியுற விலக்குல இறங்குவா. அங்கேருந்து வீடு வரைக்கும் நடைதான். வழக்கமா நான் சைக்கிள எடுத்துட்டுப் போயி நிப்பேன். அன்னைக்கு லோடு ஏத்த வேண்டியிருந்துச்சு, கேரளா வண்டி. நான் போகல. ஆடு பத்திக்கிட்டு வந்த ஒரு பெரியவரு சொன்னாரு, வேன் ஒண்ணு நின்னுச்சு, கதவு தொறந்துச்சு, அடைச்சுச்சு, அவ்வளவுதான், ஒரு சத்தமும் கேக்கலன்னு. அவ செருப்பு ஒண்ணு மட்டும் ரோட்டோரம் கெடந்துச்சு.

போலீஸ்ல போயி எழுதிக் குடுத்தேன். முதல்ல என்ன கேட்டாவ தெரியுமா? வீட்டுல சண்டையான்னாவ. போன்ல யார்கிட்டயும் பேசுவாளான்னாவ. நான் இல்லன்னேன். எல்லாரும் முதல்ல இல்லன்னுதான் சொல்லுவாவன்னு ஒருத்தர் சொன்னாரு. அந்த ரெண்டு மாசமும் நான் சோறுன்னு ஒண்ணு தின்னேனான்னு எனக்கு ஞாபகமில்ல. எம் பொண்ணு தர்ஷினி ஒம்பதாங்கிளாஸ் படிக்கா. அவதான் எதையாச்சும் பொங்கி வைப்பா. ரெண்டு பேரும் தட்டுக்கு முன்னால உக்காந்திருப்போம். பெறவு எந்திரிச்சிருவோம்.

தை பொறந்து, பொங்கல் எல்லாம் முடிஞ்ச பெறவு ஒருநாள் காலையில போன். ஆலங்குளம் பஸ் ஸ்டாண்டுல டீக்கடை வச்சிருக்கேன், இங்க ஒரு பொம்பள உங்க நம்பரைச் சொல்லுதா, வேற எதுவும் பேச மாட்டேங்கான்னான். நான் கையில இருந்த எலுமிச்சங்காக் கூடைய அப்படியே போட்டுட்டு ஓடினேன். மொதலாளி கார் குடுத்தாரு. நல்ல மனுசன்.

அவ அங்க தூணுல சாஞ்சு நின்னுக்கிட்டிருந்தா. கட்டியிருந்த சேலை அவ சேலை இல்ல. கால்ல ஆம்பிளைங்க போடுற ரப்பர் செருப்பு, ரொம்பப் பெருசு. கழுத்துல தாலிச்சங்கிலி அப்படியே இருக்கு. ஒரு குந்துமணி குறையல. என்னையப் பாத்து அழுவான்னு நினைச்சேன். அழல. நான்தான் அழுதேன். டீக்கடைக்காரன் ஒரு கிளாஸ்ல தண்ணி கொண்டாந்து அவகிட்ட குடுத்தான், அவ அத வாங்கி என்கிட்ட குடுத்தா.

கார்ல வரும்போது என் மணிக்கட்ட இறுக்கிப் பிடிச்சிருந்தா. கொஞ்ச தூரம் போன பெறவு, "ஏங்க, அங்க இன்னொரு பிள்ள..."ன்னு ஆரம்பிச்சா. நான் அவ வாயை இந்தக் கையால பொத்துனேன். "வேண்டாம் தாயி. ஒண்ணும் சொல்லாத. நீ வந்துட்ட, எனக்கு அது போதும்"னேன். டிரைவர் வேற இருக்கான்லா. அவ என்னையே பாத்தா. பெறவு கையை எடுத்துட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா.

அண்ணாச்சி, நான் உங்ககிட்ட சத்தியமாச் சொல்லுதேன். அன்னைக்கு ஒரு முடிவு எடுத்தேன். ஊரே கேக்கும். போலீசு கேக்கும், சொந்தக்காரன் கேப்பான். இவகிட்ட ஒண்ணுமே கேக்காத ஆளு ஒருத்தனாவது வேணும்லா? அது நானா இருக்கணும். என்ன நடந்துச்சு, யாரு, எங்க, உன்னைய எதுவும் பண்ணினானுகளா... ஒரு வார்த்தை கேக்கல நான். இன்னைக்கு வரைக்கும் கேக்கல. எத்தனை புருசன் அப்படி இருப்பான்? நீங்களே சொல்லுங்க.

வீட்டுக்கு வந்ததும் வெந்நி வச்சுக் குடுத்தேன். அவ குளிச்சிட்டு வாறதுக்குள்ள அந்தச் சேலையைப் பின்னால கொண்டுபோயி மண்ணெண்ணெய் ஊத்தி எரிச்சுப்புட்டேன். செருப்ப பாழுங்கிணத்துல தூக்கிப் போட்டேன். அதுக எதுக்கு கண்ணுல படணும்? குளிச்சிட்டு வந்தவ கொடியைப் பாத்தா, துவைக்கிற கல்லைப் பாத்தா. "அந்தச் சேலை எங்க?"ன்னா. எரிச்சாச்சும்மான்னேன். "அது அந்தப் பிள்ளையோடது"ன்னா. நான் காதுல வாங்கல. உள்ள போயிப் படுன்னேன்.

மறுநாள் போலீசு வந்துச்சு. ரெண்டு பேரு. நான் அவளை நாற்காலியில உக்கார வச்சு, பக்கத்துலயே நின்னுக்கிட்டேன். எங்க வச்சிருந்தானுகம்மான்னாவ. அவ வாயைத் தொறந்தா. நான் சொன்னேன், சார், அவளுக்கு ஒண்ணும் ஞாபகமில்ல, மயக்க மருந்து குடுத்திருக்கானுக போல, அவளைப் படுத்தாதீங்கன்னு. அப்படியாம்மான்னு அவகிட்ட கேட்டாவ. அவ என் மூஞ்சியப் பாத்தா. நான் தலையாட்டுனேன். அவளும் ஆட்டுனா. ஆள் வந்துட்டுதேன்னு அவியளும் மேல கேக்கல. அவியளுக்கு ஆயிரம் சோலி. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லிட்டுப் போனாவ. நான் போகல. டாக்டர்னா துருவித் துருவிக் கேப்பாவ. எதுக்கு அது?

பெறவுதான் ஊரு ஆரம்பிச்சுது.

முதல்ல அந்தத் தாலிச்சங்கிலி. தூக்கிட்டுப் போனவன் சங்கிலிய விட்டுட்டா அனுப்புவான்? எந்தக் களவாணி பவுன விடுவான்? அப்ப இவளே எவன்கூடயோ போயிருக்கா, அவன் கசந்துபோயி அனுப்பிட்டான். இது ஒரு கட்சி. எங்க கமிஷன் கடையிலயே இந்தக் கட்சிக்கு ஆளு ஜாஸ்தி. நான் தராசுல நிக்கும்போது பேச மாட்டானுக. நான் அந்தப் பக்கம் போனா ஆரம்பிப்பானுக. மூட்டைக்கு அந்தப் பக்கம் நின்னா கேக்காதுன்னு நினைப்பு.

இன்னொரு கட்சி, கிட்னி. கிட்னியை எடுத்துட்டுத்தான் விட்டிருக்கானுக, வயித்துல தையல் இருக்கும் பாருன்னு. பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி, தண்ணி எடுக்கும்போது வல்லி சேலை விலகுதான்னு பாத்துக்கிட்டே நிப்பா. இன்னும் சிலபேரு, நான்தான் ஆள் வச்சுத் தூக்குனேன்னாவ. எதுக்கு? அதுக்கு மட்டும் அவியகிட்ட பதில் இல்ல. நான் அழுத அழுகையப் பாத்தா நடிப்பாத் தெரியுதாம்.

அதவிட ஒரு கூத்து. எங்க தெருவுல ஒரு அம்மா, மாரியாத்தாதான் இவ கையப் பிடிச்சு பஸ் ஸ்டாண்டுல கொண்டாந்து விட்டான்னு சொல்லிட்டா. அவ்வளவுதான். ஒரு செவ்வாக்கிழமை நாலஞ்சு பொம்பளைக தட்டுல சூடம், எலுமிச்சம்பழத்தோட வாசல்ல நிக்காவ. காணாமப்போன கன்னுக்குட்டி எந்தத் திசையில இருக்குன்னு வல்லி சொல்லணுமாம். வல்லி உள்ளேருந்து வந்து அவியளப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம் கேட்டா, "கன்னுக்குட்டிக்கு வயசு என்ன?"ன்னு. அவ்வளவுதான் கேட்டா. அதுக்கே ஒருத்தி கால்ல விழுந்துட்டா. நான் எல்லாரையும் விரட்டி விட்டேன். அன்னையிலேருந்துதான் கேட்டுக்குப் பூட்டு போட ஆரம்பிச்சேன். நான் வேலைக்குப் போகும்போது பூட்டிட்டுப் போவேன். அவ நிம்மதியா இருக்கணும்லா. வீட்டுல இருந்த போனையும் நான் வாங்கி வச்சுக்கிட்டேன். எவன் எவனோ கூப்பிடுதான், எதுக்கு அவளுக்கு அந்தத் தொல்லை?

இந்தச் சேனல்காரப் பையன் இருக்கான்லா, அவன் அப்பத்தான் வந்தான். நல்லா மரியாதையாத்தான் பேசுனான். ஐயா, அக்காகிட்ட ரெண்டு நிமிசம் பேசணும், ஜனங்க உண்மையத் தெரிஞ்சுக்க விரும்புதாவன்னான். நான் முடியாதுன்னுட்டேன். அவன் கேட்டுக்கு வெளிய நின்னு எங்க வீட்டை மட்டும் எடுத்துட்டுப் போயிட்டான். வீடியோவுல பாத்தா எங்க வீடு யாரு வீடோ மாதிரி இருக்கு. ஜன்னல்ல ஒரு சிவப்பு வட்டம் போட்டிருக்கான். உள்ள நிழல் தெரியுதாம். அது திரைச்சீலை அண்ணாச்சி.

தர்ஷினிய கோயில்பட்டியில எந் தங்கச்சி வீட்டுல கொண்டுபோயி விட்டேன். பள்ளிக்கூடத்துல பிள்ளைக கேக்குதாம். அது அழாம கொள்ளாம வந்து சொல்லும். அம்மாவ விட்டுப் போக மாட்டேன்னுது. அம்மாவுக்கு ஓய்வு வேணும்னேன். வல்லி பையில துணி மடிச்சு வச்சா. பொண்ணு பஸ் ஏறும்போது வல்லி அவளைக் கட்டிப் பிடிச்சு காதுல என்னமோ சொன்னா. என்ன சொன்னான்னு நான் பொண்ணுகிட்டயும் கேக்கல.

மாசி மாசம் இருக்கும், நான் சாப்பிட்டுக்கிட்டிருக்கேன். வல்லி எதுக்க உக்காந்து, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொன்னாத்தான் எனக்குச் சோறு இறங்கும்"னா.  சோத்த அப்படியே வச்சுட்டு எந்திரிச்சுக் கையைக் கழுவுனேன். "எந்தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு வல்லி, இதப் பத்திப் பேச மாட்டேன்னு. நான் உன்னைய எந்தக் குறையும் சொல்லல. நீ எப்படி வந்தாலும் எம் பொண்டாட்டிதான். நம்ம பொண்ணை நினைச்சுப் பாரு. வாயைத் தொறந்தா நாளைக்கு எவன் கட்டுவான்?"னேன். அவ கையை எடுத்து நானே எந்தலையில வச்சேன். அவ வச்ச கையை எடுக்கவும் இல்ல, அழுத்தவும் இல்ல. கை அப்படியே கெடந்துச்சு. நனைஞ்ச துணி மாதிரி.

ராத்திரி நான் கூடத்துலதான் படுப்பேன். அவளுக்குத் தொந்தரவா இருக்கக் கூடாதுன்னு. ஒரு தடவ கேட்டா, உள்ள வந்து படுக்கலாம்லா, பயமா இருக்குன்னு. இல்லம்மா, நீ நல்லாத் தூங்குன்னேன். கதவைத் தொறந்தே வச்சிக்கோன்னேன்.

அப்புறம் தனியாப் பேச ஆரம்பிச்சா. பாத்திரம் கழுவும்போது, ஜெனி, ஜெனின்னு. என்னமோ சமாதானம் சொல்லுற மாதிரி. இந்தா வந்துருவேன், இந்தா வந்துருவேன்னு. நான் இது டி.வி. சீரியல்ல வர்ற பேருன்னு நினைச்சேன். ரொம்ப மனசுல ஏத்திக்கிடுதான்னு கேபிள் கனெக்சனை எடுக்கச் சொல்லிட்டேன்.

சித்திரையில, வெயிலு மண்டையப் பொளக்குது, ஒரு ஞாயித்துக்கிழமை. கமிஷன் கடை லீவு. வாசல்ல ஒரு பொம்பள. அம்பது வயசுக்குள்ளதான் இருக்கும், ஆனா பாத்தா அறுபது சொல்லலாம். கையில ஒரு போட்டோ. "அண்ணாச்சி, எம் பேரு அன்னபாக்கியம். சுரண்டை பக்கம். எம் மவளை ஐப்பசியிலேருந்து காணல. நர்சிங் படிக்கிற பிள்ள. உங்க வீட்டம்மாவ ஒரே ஒரு தடவ பாக்கணும்"னா.

அவளுக்கு ஒண்ணும் ஞாபகமில்ல தாயின்னேன்.

"ஞாபகமில்லன்னாலும் பரவால்ல. மூஞ்சியப் பாத்துட்டுப் போயிருதேன்"னா. எனக்குப் புரியல, மூஞ்சியப் பாத்து என்ன செய்யப் போறா? தண்ணி குடிக்கியளான்னேன். வேண்டாம்னா. போங்கம்மா, வெயிலா இருக்குன்னேன். போகல. கேட்டுக்கு வெளிய அப்படியே தரையில உக்காந்துட்டா. நான் உள்ள வந்து கதவைச் சாத்திட்டேன். வல்லி அடுப்படியில இருந்தா. யாருன்னா. யாரோ நன்கொடைக்கு வந்திருக்காவன்னேன்.

பொய்தான். அவ நிம்மதிக்காகச் சொன்னதுதான.

கொஞ்ச நேரம் கழிச்சு வெளியிலேருந்து அந்தம்மா கத்துனா. எங்களைக் கூப்பிட்டுக் கத்தல. வீட்டைப் பாத்துக் கத்துனா. "எம் மவ பேரு ஜெனிபா! ஜெனின்னுதான் கூப்பிடுவோம்! இடது கன்னத்துல மச்சம் இருக்கும்மா!"

உள்ள பாத்திரம் விழுந்துச்சு. வல்லி ஓடி வந்தா. கால்ல செருப்பு இல்ல. முத்தத்துத் தரை கொதிக்குது, அவ அதுல போயி கேட்டுப் பக்கம் நின்னா. கம்பிக்கு ஊடால கைய நீட்டி போட்டோவ வாங்குனா. பாத்தா. "இதுல முடி நீளமா இருக்கு. அங்க வெட்டி விட்டுட்டானுக"ன்னா.

அந்தம்மா கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து இவ ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டா. "உசுரோட இருக்காளா?"ன்னா.

"நான் வரும்போது இருந்தா. எனக்கு அவ சேலையத்தான் கட்டி விட்டா. என்னுது கிழிஞ்சு போச்சுன்னு. போயிச் சொல்லுங்கக்கான்னு சொல்லித்தான் அனுப்புனா"ன்னா வல்லி.

ரெண்டு பேரும் அழல. அதுதான் எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு. அந்தம்மா கேட்டா, எவ்வளவு நாளா நீங்க வீட்டுல இருக்கீங்கன்னு. வல்லி திரும்பி எங்கிட்ட கையை நீட்டினா. பூட்டுச் சாவி எஞ் சட்டைப் பையில இருந்துச்சு. எடுத்துக் குடுத்தேன். நான் ஒண்ணும் தடுக்கல. அதையும் நீங்க கவனிக்கணும்.

ஒரு ஆட்டோவுல மூணு பேருமாப் போனோம். அந்தம்மாவுக்குத் தெரிஞ்ச பொம்பள இன்ஸ்பெக்டர் ஒருத்தர் வேற ஸ்டேஷன்ல இருந்தாவ. அங்க போனோம். நானும் உள்ள போகலாம்னு பாத்தேன். அந்த இன்ஸ்பெக்டரம்மா, நீங்க வெளிய உக்காருங்கன்னாவ. வெளிய ஒரு பெஞ்சு. மத்தியானம் உக்காந்தவன், ராத்திரி வரைக்கும் உக்காந்திருந்தேன். வல்லி உள்ள பேசிக்கிட்டே இருந்தா. வார்த்தை கேக்கல, ஆனா அவ குரல் கேட்டுச்சு. அவ்வளவு பேசுவாளான்னு எனக்கே ஆச்சரியம். வழியெல்லாம் சொன்னாளாம். எங்க வண்டி மேடு ஏறுச்சு, எங்க ரயில் கேட்டுல நின்னுச்சு, எந்தப் பக்கம் பள்ளிவாசல் சத்தம் கேட்டுச்சு. எல்லாத்தையும் உள்ள வச்சிருந்திருக்கா பாருங்க. நான் ரெண்டு தடவ டீ வாங்கி உள்ள குடுத்து விட்டேன்.

ரெண்டு நாள்ல அந்தப் பிள்ளையைக் கண்டுபிடிச்சுட்டாவ. ஒரு தென்னந்தோப்புக்கு உள்ள தகரம் போட்ட வீடாம். உசுரோடதான் இருந்துச்சு. இப்ப அது வீட்டுல இருக்கு. யாரு போனாலும் சுவத்தைப் பாத்து உக்காந்துக்கிடும். வல்லி போனா மட்டும் திரும்பும். ஆளுகளையும் பிடிச்சுட்டாவ. அதான் கேஸ் நடக்கு.

அந்த இன்ஸ்பெக்டரம்மா என்னையக் கூப்பிட்டு விட்டாவ. அந்தச் சேலை எங்க, செருப்பு எங்கன்னாவ. சேலைய எரிச்சுட்டேன், செருப்பு கிணத்துலன்னேன்.  "உமக்கு அறிவு இருக்காய்யா? தையிலயே இந்தம்மா வாயைத் தொறந்திருந்தா அந்தப் பிள்ள அப்பவே வெளிய வந்திருக்கும். இடையில அதுக்கு என்னென்ன நடந்திருக்கு தெரியுமா?"ன்னாவ. தெரியாதுங்கம்மா, நான் யார்கிட்டயும் ஒண்ணும் கேக்கலன்னேன். உள்ளதத்தான சொன்னேன். "அவிய சொல்ல வரலயா உங்ககிட்ட?"ன்னாவ. அவளுக்கு அப்ப ஞாபகம் இல்லங்கம்மான்னேன். இன்ஸ்பெக்டரம்மா வல்லியப் பாத்தாவ. வல்லி மேசையில இருந்த பேனாவப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. நாலு பேருக்கு முன்னால அவ என்னைய விட்டுக்குடுக்கல அண்ணாச்சி. அப்படிப்பட்ட பொம்பள.

சேலை இருந்திருந்தா கேஸுக்குப் பெலமா இருக்குமாம். எனக்கு எப்படித் தெரியும்? படிச்சவனா நான்?

சரி, பிள்ள கிடைச்சாச்சு, ஆளைப் பிடிச்சாச்சு, இனியாவது ஊரு வாயை மூடும்னு நினைச்சேன். எங்க? இப்பத்தான் ஜாஸ்தி. இந்தா, உங்க செல்லுல ஓடுதே, அஞ்சு கேள்வின்னு போட்டிருக்கான்லா, அதுல முதல் கேள்வி என்ன? தையில வந்தவ சித்திரை வரைக்கும் ஏன் வாயைத் தொறக்கல? பணம் வாங்கிட்டாளா? இல்ல அவளும் அந்தக் கூட்டத்துல ஒருத்தியா? ஒரு பிள்ளைய அடமானமா வச்சுட்டு இவ மட்டும் தப்பிச்சு வந்தாளா? எல்லாப் பயலும் இதத்தான் கேக்கான். நேத்து வரைக்கும் கிட்னின்னவன், ஓடிப்போனவன்னவன், எல்லாரும் ஒரே கட்சி ஆயிட்டான். மாரியாத்தான்னு சூடம் கொண்டாந்தவளே இப்ப எங்க வீட்டைத் தாண்டும்போது காறித் துப்பிட்டுப் போறா.

பதில் சொல்ல வேண்டியதுதானன்னு எந் தங்கச்சி கேக்கா. அண்ணே, மதினி மேல தப்பு இல்லன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதான்னு. அவனுக்குப் பதில் சொன்னா இன்னும் பத்து கேள்வி கேப்பான். பேசாம இருந்தா அதுபாட்டுக்கு அடங்கிரும். வல்லிகிட்டயும் அதான் சொன்னேன். அவ வீடியோவ முழுசாப் பாத்தா. பாத்துட்டு செல்லை எங்கையில குடுத்தா. "முதல் கேள்விக்கு உங்களுக்குப் பதில் தெரியும்லா?"ன்னா.  இதெல்லாம் பாக்காத வல்லின்னேன்.

அவளை மட்டும் ஏன் ஆலங்குளத்துல கொண்டாந்து இறக்கி விட்டானுகன்னு கேக்கீங்களா? எனக்குத் தெரியாது அண்ணாச்சி. ஊரு ஆயிரம் சொல்லுது. அவளுக்கே தெரியுமோ என்னமோ. அதையும் நான் கேக்கல.

இன்னைக்குக் காலையில கோர்ட்டுக்குப் போனோம். நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டேன். வெளிய கேமராவும் கூட்டமுமா இருந்துச்சு. அந்தம்மா அன்னபாக்கியம் முந்தானையால வல்லி மூஞ்சிய மூடிக் கூட்டிட்டுப் போனா. நான் பின்னாலயே போனேன். ஒருத்தன் "நீங்கதான் ஹஸ்பெண்டா? உங்ககிட்டயாவது சொன்னாங்களா?"ன்னு மைக்க நீட்டுனான். நான் கையை மட்டும் எடுத்துக் கும்புட்டேன்.

உள்ள நல்ல கூட்டம். ஜட்ஜு ஒரு பொம்பளையாளு. இந்தச் சாட்சிய கதவைச் சாத்தித்தான் விசாரிக்கணும், சம்பந்தப்படாதவிய எல்லாரும் வெளிய போங்கன்னு உத்தரவு போட்டாவ. எல்லாரும் எந்திரிச்சுப் போனாவ. நான் உக்காந்தே இருந்தேன். நான் சம்பந்தப்பட்டவன்தான.  இன்னைக்கு எல்லாத்தையும் நானும் கேக்கணும் போல. நானாக் கேக்கலன்னாலும் காதுல விழத்தான செய்யும்? பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துரணும்னு நினைச்சுக்கிட்டேன்.

ஜட்ஜம்மா வல்லிகிட்ட நல்லாத்தான் பேசுனாவ. உங்களுக்குத் தைரியமா இருக்க, பக்கத்துல யாராவது இருக்கணுமாம்மான்னு கேட்டாவ. நான் எந்திரிச்சேன். சட்டைய இழுத்து விட்டேன்.

"அன்னபாக்கியம் அக்கா இருக்கட்டும்மா"ன்னா வல்லி.

ஜட்ஜம்மா என்னையப் பாத்தாவ. உங்க வீட்டுக்காரரு இருக்காரேன்னாவ.

"அவரால இதக் கேக்க முடியாதும்மா. அவரு வெளிய இருக்கட்டும்"னா.

பாத்தீங்களா? அந்த இடத்துல, அத்தனை கறுப்புக் கோட்டுக்கு நடுவுல நிக்கும்போதும் அவ என்னையத்தான் நினைச்சிருக்கா. எம் மனசு தாங்காதுன்னு. நான் கும்புட்டுட்டு வெளிய வந்தேன். சிப்பந்தி கதவைச் சாத்துனான். நல்ல கனமான கதவு. ஒரு சத்தம் வெளிய வரல.

மத்தியானம் இடைவேளைக்கும் அவளை வெளிய விடல. நாலு மணிக்கு மேலதான் வந்தா. ரெண்டு பொம்பள போலீசு கூட. மூஞ்சி வெளுத்துப்போயிருந்துச்சு. ஆனா தலை நிமிந்திருந்துச்சு. ஜெனிபா வீட்டு ஆளுக ஒரு கார் கொண்டாந்திருந்தாவ. "நான் அங்க போறேன். அந்தப் பிள்ளைக்குத் துணையா இருக்கணும். தர்ஷினிய லீவுக்கு அங்கயே கூட்டிக்கிடுதேன்"னா. சரின்னேன்.

கார்ல ஒரு கால வச்சவ, மறுபடி இறங்கி வந்தா. எம் முன்னால வந்து நின்னா. கூட்டம் பாக்குது. அவ அதைக் கண்டுக்கிடல. ரொம்ப நேரம் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னா.

"உங்களுக்கு எதாவது கேக்கணுமா?"ன்னா.

 இத்தனை மாசத்துல அவ என்கிட்ட அப்படி நேருக்கு நேரா நின்னதில்ல. எல்லாரும் பாக்கானுக. கேமரா வேற. ஒண்ணும் கேக்காமலும் அனுப்பக் கூடாதுன்னு தோணிச்சு.

சாப்பிட்டியான்னு கேட்டேன்.

"சாப்பிட்டேன்"னுட்டு காருல ஏறிக்கிட்டா.

எங்க சாப்பிட்டிருப்பா அண்ணாச்சி? காலையிலேருந்து உள்ளதான இருந்தா.